ஏறி இறங்கும் வருமானமும் தவணைக் கடனும்

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கும். தொடங்கினால் செப்டம்பர் வரை எளிதில் விடாது. வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை அதோடு நின்றுவிடும். காலையில் வேலை தேடி நாக்காவில் வந்து நிற்பவர்களில் பலர், பத்து மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

அப்படி ஒரு பெயிண்டரின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மும்பைப் புறநகரில் வாழும் தமிழ்க் குடும்பம். கணவருக்குப் பெயிண்ட் வேலை. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மனைவியின் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார்கள். கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். பாதியில் கட்ட முடியாமல் போயிற்று. விஷயம் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே சமரசம் ஆயிற்று. மாதம் 3,000 ரூபாய், 12 மாதம் கட்ட வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் தவணைகளைக் கட்டினார்கள். ஜூலைத் தவணை நின்றது.

ஏன் நின்றது? அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. சோம்பேறிகளும் அல்ல. தங்கள் வருமானம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அவர்களை நீதிமன்ற வாசல் வரை மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தியது.

25,000 என்று எழுதிய கை

கடன் வாங்கிய நாளிலேயே தவறு தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த நிறுவன ஊழியர் கேட்டார்:

"மாசம் எவ்வளவு வருமானம் அக்கா?"

"அதை எப்படித் தம்பி சொல்றது? ஒரு மாசம் வரும். ஒரு மாசம் வராது."

"அப்படி எழுத முடியாதே. 25,000 என்று போட்டுவிடலாமா?"

அந்தப் பெண் தலையாட்டினார். குறைத்துச் சொன்னால் கடன் கிடைக்காதோ என்று பயம். ஊழியருக்கும் அன்றைக்கு வேலை முடிய வேண்டும்.

இந்தியாவில் சிறுகடன் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்துள்ளது. இந்த விதிகள் 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய்க்குள் இருந்தால், ஈடு கேட்காமல் சிறுகடன் கொடுக்கலாம். மாதம் 25,000 ரூபாயை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 3,00,000 வரும். ஊழியர் அந்தத் தொகையைச் சொன்ன காரணம் இப்போது புரிகிறதா?

இன்னொரு விதி உண்டு. குடும்பம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 25,000 என்று எழுதினால் 12,500 ரூபாய் வரை தவணை விதிக்கலாம் என்று ஆகிவிடுகிறது. கையில் வராத பணத்துக்கும் சேர்த்துக் கடன் சுமத்த அந்த ஒரு வரி இடம் கொடுத்துவிடுகிறது. கூட்டிச் சொன்னது ஊழியருக்கு லாபம். கட்டப் போவது அந்தக் குடும்பம்.

வருமானத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வழி காட்டியுள்ளது. குடும்பத்தில் எல்லாருடைய வருமானத்தையும் கேட்க வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை நாள், எத்தனை மாதம் வேலை இருந்தது என்று விசாரிக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பணம், வாடகை, ஓய்வூதியம், அரசு உதவி, பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் கணக்கில் வரும். செலவையும் கேட்க வேண்டும். மருத்துவம், வீட்டு விசேஷம் போன்ற எதிர்பாராத செலவும் இதில் அடங்கும். ஆகவே "ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது" என்று அந்தப் பெண் சொன்னதுதான் சரியான பதில். அதை விரித்து எழுதத்தான் விதி இருக்கிறது.

ஜூலை மாதம் இல்லாத கணக்கு

மக்கள் நீதிமன்றத்தை லோக் அதாலத் என்றும் சொல்வார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இதற்கு அடிப்படை. இங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், அது நீதிமன்ற டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே யோசிக்கும் நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

அந்தக் குடும்பத்தின் பாக்கி 48,000 ரூபாயாக இருந்தது. 36,000 கட்டினால் போதும் என்று நிறுவனம் இறங்கி வந்தது. "மாதம் 3,000 முடியுமா?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் "முடியாது" என்று சொல்ல வெட்கம். "முடியும்" என்றார் மனைவி. கணவர் பேசவே இல்லை.

முடியுமா என்று நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணவருக்கு நாள் கூலி 800 ரூபாய். சாதாரண மாதத்தில் 15 நாள் வேலை இருக்கும். அப்போது 12,000 வரும். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகை வருவதால் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். 25 நாள் வேலை கிடைக்கும். 20,000 வரும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் 9 நாள்தான். 7,200 வரும். மனைவிக்குத் தையலில் மாதம் 2,000. மே மாதம் கல்யாணத் துணி வரும். ஜூனில் பள்ளிச் சீருடை வரும். அந்த இரண்டு மாதமும் 6,000 வீதம். அக்டோபரில் 5,000.

எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 1,80,600 ரூபாய். 12-ஆல் வகுத்தால் மாதம் 15,050. வாடகை, சாப்பாடு, மின்சாரம், பள்ளி, மருந்து எல்லாம் சேர்த்துச் செலவு மாதம் 11,700. மிச்சம் 3,350.

அப்படியானால் 3,000 கட்டலாமே என்று தோன்றும். இங்கேதான் மோசம் போகிறோம். 15,050 ரூபாய் என்பது எந்த மாதத்திலும் அவர்கள் கைக்கு வருவதில்லை. அது காகிதத்தில் மட்டும் உள்ள பணம். உண்மையில் ஜூலையில் வருவது 9,200. செலவோ 11,700. தவணை கட்டாமலே 2,500 துண்டு விழுகிறது. ஏப்ரலில் தொடங்கி மாதம் 3,000 கட்டினால், ஜூன் முடிவில் கையில் இருப்பது 1,100 ரூபாய். ஜூலையைத் தாண்ட அது போதாது.

'முடியும்' என்ற சொல் பொய் அல்ல. ஆண்டுக் கணக்கில் முடியும். ஜூலையில் முடியாது. அந்த இரண்டாவது பாதியைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

டிக்ரியில் இன்னொரு வரியும் இருந்தது. ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்தாகும், பழைய 48,000 ரூபாயில் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்ற வரி. கடன் சமரசங்களில் இப்படி எழுதுவது வழக்கம். அந்தக் காகிதம் மராத்தியில் இருந்தது. அந்தப் பெண் முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவர். மராத்தி படிக்கத் தெரியாது. "இதில் என்ன எழுதியிருக்கிறது? தவணை தவறினால் என்ன ஆகும்?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். படித்துச் சொல்வார்கள். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. சிறுகடன் ஒப்பந்தத்தையும் கடன் அட்டையையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது.

முன்பணம் வருமானமா?

ஜூலைத் தவணை நின்ற வாரத்தில் வசூல் ஊழியர் வந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஜூன் மாசம் 20,000 வந்திருக்கு. 3,000 கட்ட முடியலையா?" என்று கேட்டார். யாரோ அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பணம் வந்தது உண்மை. ஒரு கடையின் உள்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த முன்பணம் அது. அதில் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கியது 10,500. கூட வந்த இரண்டு ஆட்களுக்குக் கூலி 5,000. ஆட்டோ 500. அவருக்கு நின்றது 4,000. ஐந்து நாள் கூலி. ஆனால் இதைக் காட்ட ஒரு சிட்டைகூட அவரிடம் இல்லை. வாயால் சொன்னார். ஊழியர் நம்பவில்லை. பணத்தை வைத்துக்கொண்டே கட்டாமல் இருக்கிறார்கள் என்று நிறுவனம் முடிவு செய்தது. டிக்ரியை நிறைவேற்றித் தரக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போட்டது.

நீதிமன்றம் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேட்டது. அந்தப் படிவத்தில் வேலையில் வரும் வருமானம் எவ்வளவு, வேறு வழியில் வருவது எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். செலவு, வாடகை, வங்கிக் கணக்கு எல்லாம் எழுத வேண்டும். பிறர் நமக்குத் தர வேண்டிய பணத்தையும் எழுத வேண்டும்.

அன்று இரவு கணவன் மனைவிக்குள் பேச்சு வந்தது.

"அந்த வங்கிக் கணக்கை எழுதாதே. 20,000 வந்ததைப் பார்த்தால் விடமாட்டார்கள்."

"எழுதாமல் விட்டால் மட்டும் விடுவார்களா? அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

"தையல் காசையாவது விட்டுவிடு."

"ஏங்க, நான் ராத்திரியெல்லாம் தைத்து வாங்கியது. அதைச் சொல்ல எனக்கு என்ன பயம்?"

கணவரின் பயம் நியாயமற்றது அல்ல. கூடுதல் பணம் வந்தது தெரிந்தால் கூடுதலாகக் கேட்பார்கள் என்று கடன்பட்ட எல்லாரும் பயப்படுகிறார்கள். சில சமயம் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் மறைத்த பணம் வெளியே வந்தால், பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். தெரிந்தே பொய்ப் பிரமாணம் செய்வது குற்றமும் ஆகும். பிரமாணப் பத்திரம் தரச் சொல்லி உத்தரவிட்டும் தராவிட்டால், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சமரச ஒப்பந்தம் உள்ள ஒருவர், கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் ஓடிப்போய் நிறுவனத்தில் சொல்ல வேண்டுமா? ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் சொல்ல வேண்டும். எழுதவில்லை என்றால், தவணையைக் கட்டிவரும் வரை அந்தக் கடமை இல்லை. ஆனால் நீதிமன்றம் கேட்டாலும், தவணையை மாற்றித்தரச் சொல்லி நாமே போய் நின்றாலும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நல்ல மாதத்தை மறைத்துவிட்டுக் கெட்ட மாதத்தை மட்டும் காட்டுவது எடுபடாது.

எது வருமானம், எது அல்ல என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். முன்பணம் முழுவதும் வருமானம் அல்ல. சரக்குச் செலவும் ஆள் கூலியும் போக நிற்பதே வருமானம். கைமாற்றாக வாங்கிய பணம் வருமானம் அல்ல. அது இன்னொரு கடன். சீட்டு எடுத்த பணமும் அப்படித்தான். மீதித் தவணைகளைக் கட்டியாக வேண்டுமே. மாதாமாதம் வராவிட்டாலும் தீபாவளி இனாம் வருமானம்தான். ஊரிலிருந்து தம்பி அனுப்பும் பணமும் கணக்கில் வரும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மறுநாள் அந்தப் பெண் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் நாடு முழுவதும் இந்த உதவியைக் கேட்கலாம்.

அங்கிருந்த தன்னார்வலர் ஓர் இளம்பெண். முதலில் பயத்தைப் போக்கினார். "கைது பண்ணிடுவாங்களா?" என்பதுதான் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி. பணம் கட்டச் சொல்லும் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆண்களையும் வெறுமனே பணம் இல்லாத காரணத்துக்காகச் சிறையில் அடைக்க முடியாது. கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் அடைக்கலாம். உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இதை உறுதி செய்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பை எழுதினார். கூலித் தொழிலாளியின் கூலி, கைவினைஞரின் தொழில் கருவிகள், சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி ஆகியவற்றை ஜப்தி செய்வதற்கும் அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு தடை போடுகிறது.

ஒன்று கவனியுங்கள். 'வசதி இருந்தும் கட்டாதவர்' யார், 'வசதி இல்லாதவர்' யார் என்று நீதிமன்றம் எதை வைத்துப் பிரிக்கும்? வருமானக் கணக்கை வைத்துத்தான். உண்மையான கணக்கு அந்தக் குடும்பத்துக்கு எதிரி அல்ல. அவர்களைக் காப்பாற்றக் கூடியதே அதுதான்.

"உங்களிடம் கணக்கு எழுதிய நோட்டு இருக்கிறதா அக்கா?" என்று தன்னார்வலர் கேட்டார். இல்லை. ஆனால் துணி கொடுத்தவர்களின் அளவுச் சீட்டுகள் தையல் மிஷின் பெட்டியில் கிடந்தன. கணவரின் கைபேசியில் மேஸ்திரிகளோடு பேசிய செய்திகள் இருந்தன. பெயிண்ட் கடைக்காரர் சிட்டையின் நகலைக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து ஓர் ஆண்டு வரவு செலவை மாதவாரியாக எழுதினார்கள். ஒரு மேஸ்திரி சென்ற தீபாவளி வேலைக்கு 3,200 ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினார்கள். வங்கிக் கணக்கையும் 20,000 ரூபாயையும் மறைக்கவில்லை. பக்கத்திலேயே சிட்டையை வைத்தார்கள்.

அந்தத் தாளோடு ஒரு புதிய தவணைத் திட்டத்தையும் வைத்தார்கள். ஏற்கெனவே 9,000 கட்டியாயிற்று. மிச்சம் 27,000. செப்டம்பரில் 5,000. அக்டோபரில் 10,000. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் 1,500 வீதம் 9,000. மே மாதம் 3,000. அடுத்த மழைக்கு முன்பே கடன் முடிந்துவிடும். பழைய திட்டத்தை விட இரண்டே மாதம் அதிகம்.

தவணையை மாற்ற நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். எல்லா நிறுவனங்களும் சம்மதிக்கும் என்று சொல்ல முடியாது. இந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அக்டோபரில் 10,000 கட்டுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். "அந்த மாசம் 25,000 வரும் ஐயா. எழுதியிருக்கிறேன் பாருங்கள்" என்றார் அந்தப் பெண். இந்த முறை அவர் குரலில் தயக்கம் இல்லை. 48,000 கேட்கும் பேச்சும் விடப்பட்டது.

வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டால் போதாது. டிக்ரிக்குப் பின் செய்யும் மாற்றத்தையும், வெளியில் கட்டும் பணத்தையும் நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாததை டிக்ரியை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆகவே வசூல் ஊழியர் கையில் ரசீது இல்லாமல் கொடுத்த பணம், கொடுக்காத பணத்துக்குச் சமம். வங்கி வழியாகக் கட்டுவது நல்லது. இந்தக் குடும்பம் மாற்றத்தை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, பதிவு செய்துகொண்டது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார்.

வேலை திடீரென்று நின்றால்? கணவர் சாரத்திலிருந்து விழுந்தால்? அப்போது தவணைத் தேதி வரும் வரை காத்திருக்கக் கூடாது. தேதிக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டின் நகலை இணைக்க வேண்டும். கடிதம் கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்ட முடியாமல் தவிக்கும் கடன்தாரரைக் கண்டறிந்து அவருக்கு வழி சொல்ல, சிறுகடன் நிறுவனங்கள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். அதற்குப் பதிலாக மிரட்டினாலோ, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை கொடுத்தாலோ, முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்யலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை.

இப்போது அந்த வீட்டில் தையல் மிஷின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப் பக்கம் வரவு. வலப் பக்கம் செலவு. செப்டம்பர் 4-ஆம் தேதிக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறது: "முன்பணம் 8,000. இதில் பெயிண்ட் 4,300. ஆள் கூலி 1,200. சிட்டை பின்னால் ஒட்டியிருக்கு. நமக்கு 2,500." எழுத்து சற்றுக் கோணலாக இருக்கிறது. அது கணவரின் கையெழுத்து.